கழுத்தில் வந்த தேமல்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உடம்பில் வெள்ளைத் திட்டு வந்து, யாரிடமும் சொல்லாமல் ஒளித்துத் திரிகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் ஏற்றுகிற வேலை எனக்கு. சித்திரையில் முடிவெட்டப் போனபோது கடைக்காரர் கேட்டார்: "அண்ணாச்சி, கழுத்துல என்னது வெள்ளை வெள்ளையா?"

வீட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். கழுத்திலும் மார்பிலும் திட்டுகள். சுரண்டினால் மாவு போல் உதிர்ந்தது.

வெண்குஷ்டம் (தோலின் நிறம் போய்விடும் நோய், ஒட்டாது) என்று நானே முடிவு செய்தேன். ஒட்டாது என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது. மகள் செல்விக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த நேரம். எங்கள் பக்கம் பெண் கேட்டு வருகிறவர்கள் தாய் தகப்பன் தோலையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். என்னால் அவள் கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்தேன்.

முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தேன். இரண்டு வேளையும் தேங்காய் எண்ணெய் தேய்த்தேன். திட்டுகள் முதுகுக்கும் பரவின. தட்டையும் துண்டையும் தனியாக வைத்துக்கொண்டேன்.

கூட லோடு ஏற்றுகிறவர் கேட்டார்: "ஏய்யா, மாப்ள தேடுதது மகளுக்கா, இல்ல நீரே மாப்ளயா? கழுத்து வரைக்கும் பித்தான் போட்டிருக்கீரு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நிச்சயதார்த்தத்தன்று, அவசர லோடு என்று சொல்லிக் கிளம்பினேன். மனைவி வாசலில் மறித்தாள்.

"ஊரே வருது. பெத்தவரு லோடு ஏத்தப் போறியளாக்கும்?"

அவளை விலக்கிவிட்டுப் போனேன். கயத்தாறு பஸ் ஸ்டாண்டில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். வீட்டில் என் இடத்தில் நின்று தட்டு மாற்றியது மைத்துனர்.

அடுத்த வாரம் குளிக்கும்போது மனைவி என் முதுகைப் பார்த்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டரம்மா செதிலைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தார்.

"வெண்குஷ்டம் இல்ல அண்ணாச்சி, தேமல். எல்லார் தோல்லயும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியிருக்கு. என் கையிலயும் இருக்கு. அதுல நிறைய நமக்குக் காவல். இந்தப் பூஞ்சையும் எப்பவும் உங்க மேல இருந்ததுதான். வேர்வையும் எண்ணெயும் கிடைச்சா பெருகிடும். சட்டையப் பூட்டி, எண்ணெய் தேய்ச்சு, நீங்கதான் வளத்திருக்கீங்க."

"ஒட்டுமாம்மா?"

"ஒட்டாது. எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடுங்க."

மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூசிச் சற்று நேரம் விட்டுக் கழுவும் மருந்து கொடுத்தார். எண்ணெயை நிறுத்தச் சொன்னார். கிருமிநாசினி (கிருமியைக் கொல்லும் மருந்து) போட்டுத் தேய்த்தால் நல்ல உயிர்களும் போய்விடும் என்றார். சில வாரத்தில் செதில் நின்றது. நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆவணியில் கல்யாணம். கழுத்தில் திட்டு அப்படியே இருந்தது. அரைக்கைச் சட்டையோடு நின்றேன். யாரும் கவனிக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு லோடு இல்லையா, சம்பந்தி?" என்றார்.

செல்வி இப்போது புதியம்புத்தூரில் துணி தைக்கிறாள். நிச்சயதார்த்தத்தில் நான் இல்லாத காரணத்தைப் போன மாதம் போனில் சொன்னேன்.

"இதுக்குத்தானாப்பா?" என்றாள். பிறகு தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

நிறம் திரும்பிவிட்டது. குளிக்கும்போது தோலை இப்போது மெதுவாகத் தொடுகிறேன். அத்தனை உயிர்கள் என் மேல் இருந்தும், கயத்தாற்றில் அன்று ஆளில்லாமல்தான் உட்கார்ந்திருந்தேன். உடம்புக்கு அது முடிந்துபோன விஷயம். எனக்கு அந்தப் பகல் இன்னும் சாயவில்லை.

மாசி 3, செவ்வாய்க்கிழமை.