வலியில்லாத வண்டி

எங்கள் அத்தை வாங்கிய பிக்கப் வண்டிக்கு என்னைவிட வயது அதிகம். எனக்கு அப்போது எட்டு. வண்டிக்கு எத்தனை என்று அதன் ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும். ஆனால் எங்களுக்கு முன்னால் அதை வைத்திருந்த மூன்று பேரும் ஆளுக்கொரு வயது சொன்னார்கள். கேரள எல்லையில், மீனாட்சிபுரத்தைச் சுற்றியிருக்கிற தோட்டங்களில் கறக்கும் பாலைக் காலையில் கேன் கேனாக ஏற்றி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கமுள்ள பால் சங்கத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அத்தையின் தொழில். அப்பாவுக்கு மூத்தவர். எருமையை அதட்டுகிற அதே குரலில் வண்டியையும் அதட்டி ஓட்டுவார்.

எல்லாம் சரி, நடுவில் அந்த வாய்க்கால் இருந்ததுதான் வினை. பாலம் உயரத்தில் இருக்கும், ஏறுகிற பாதை செங்குத்து. பதினாறு கேனோடு கிளம்பினால் பாதி மேட்டில் வண்டி மூச்சிரைத்து நின்றுவிடும். அத்தை இறங்கி நாலைந்து கேனை இறக்கிவைத்து, வண்டியை மேலே நிறுத்திவிட்டு வந்து, அவற்றைத் தூக்கிக்கொண்டு ஏறுவார். மேட்டடியில் ஒரு டீக்கடை. அங்கே காலை நேரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது.

“ஏனுங்க அக்கா, பேசாம வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போயிருங்க. பல்லப் புடிச்சுப் பாக்காம இருந்தா நல்ல வெலைக்குப் போகும்” என்பார் டீக்கடைக்காரர்.

“உங்களையும் கூட்டிட்டுப் போறனுங்க. சோடியாக் குடுத்துட்டு வந்தர்லாம்” என்பார் அத்தை.

ஆனால் ஒரு நாள் வெயில் ஏறி, ஒரு கேன் பால் திரிந்துபோனது. இன்னொரு தடவை இப்படி நேர்ந்தால் புது வண்டி வைத்திருக்கிற ஆளுக்கு வேலையை மாற்றிவிடுவேன் என்று சங்கத்துச் செயலாளர் சொல்லிவிட்டார். அது போனால் அத்தை மறுபடியும் நூல் மில்லுக்கு ஷிஃப்ட் பார்க்கப் போக வேண்டும். பஞ்சுத் தூசியில் இருமி இருமித்தான் அந்த மில்லை விட்டு வந்திருந்தார்.

வண்டிக்குச் சக்தி ஏற்ற ஊரே யோசனை சொன்னது. முதலில் களத்தில் இறங்கியவர் சித்தப்பா. டீசல் பம்ப்பில் ஒரு ஸ்க்ரூ உண்டு, அதைத் திருகினால் டீசல் கூடுதலாகப் போகும், வண்டி பறக்கும் என்றார். திருகினார். வண்டி பறக்கவில்லை. புகைதான் பறந்தது. மேட்டடியில் அத்தை ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் டீக்கடையே கண்ணுக்குத் தெரியாமல் போனது. புகை விலகியபோது கடைக்காரர் தட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். “நான் உளுந்து வடைதானுங்க போட்டேன். இது என்ன வடைங்க?”

கடைசியில் சித்தூர் பக்கத்திலிருந்து ஒரு மெக்கானிக் சேட்டனை வரவழைத்தார்கள். அவர் அத்தையையும் என்னையும் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஒரு நடை ஓட்டிப் பார்த்தார். இறங்கி, தலையைச் சொறிந்துகொண்டு, “சேச்சி, வண்டி வலிக்குன்னில்லல்லோ” என்றார்.

மலையாளத்தில் வலிப்பது என்றால் இழுப்பது. வண்டிக்கு இழுவை இல்லை என்று அவர் சொல்கிறார். நானோ தமிழ் மீடியத்தில் மூன்றாம் வகுப்பு. பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான் எனக்கு மலையாளம். வண்டிக்கு வலிக்கவில்லையாம் என்று எனக்கு ஒரே நிம்மதி. அத்தையின் முகம் ஏன் தொங்கிப்போனது என்றுதான் புரியவில்லை. “காற்று கிட்டுன்னில்ல, எவிடெயோ அடைப்புண்டு” என்று சேட்டன் ஃபில்டரை மாற்றினார், குழாய்களைத் தட்டிப் பார்த்தார். அடைப்பு எங்கே என்று அகப்படவில்லை. வீட்டில் கல்யாணம், நாலு நாள் கழித்து வருகிறேன் என்று போய்விட்டார்.

நான் வீட்டுக்கு ஓடினேன். வாசலிலேயே சித்தப்பா பிடித்துக்கொண்டார். “சேட்டன் என்ன சொன்னாரு அம்மிணி?”

கேட்ட சொல்லை அப்படியே சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும், அவர் மலையாளம் நன்றாகப் பேசுவார். நான்தான் கெட்டிக்காரி ஆயிற்றே, வீட்டுத் தமிழில் மாற்றிச் சொன்னேன். “வண்டிக்கு நோவே இல்லியாமா, சித்தப்பா.”

சித்தப்பா உடனே போனை எடுத்துச் செயலாளரைக் கூப்பிட்டார். வண்டி சரியாகிவிட்டது, நாளைக்குப் பதினாறு அல்ல, மேற்கே இருக்கிற தோட்டத்துப் பாலையும் சேர்த்து இருபத்திரண்டு கேன் கொண்டுவருகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

அத்தை வந்து விஷயத்தைக் கேட்டதும் நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அடி விழும் என்று காத்திருந்தால், அவர் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். “நோவில்லாத வண்டிய இன்னிக்குத்தாண்டா பாக்கறேன்” என்று சித்தப்பாவிடம் சொன்னார். பிறகு, “செரி, சொன்னது சொல்லியாச்சு. கொண்டுபோயே தீரோணும்.”

மறுநாள் காலை இருபத்திரண்டு கேன். சித்தப்பா பின்னால் கேன்களுக்கு நடுவே, நான் அத்தைக்குப் பக்கத்தில். டீக்கடையில் பெஞ்சு நிறைந்திருந்தது. செய்தி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அத்தை தூரத்திலிருந்தே வேகம் பிடித்து ஏறினார். வழக்கமான இடத்துக்கும் கீழேயே வண்டி திணறி நின்றது. சித்தப்பா குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

அத்தை இறங்கிவந்து கரும்புகையைப் பார்த்தார். “எண்ணெய ஊத்தோ ஊத்துன்னு ஊத்தறோம். ஊதறதுக்குத்தான் ஆளில்ல” என்று முணுமுணுத்தார். சேட்டன் சொன்ன காற்று அவர் மனதில் இருந்திருக்க வேண்டும். சித்தப்பாவை உள்ளே உட்காரவைத்து, கியரில் போடாமல் ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதிக்கச் சொல்லிவிட்டு பானெட்டைத் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஃபில்டரிலிருந்து என்ஜினுக்குக் காற்றுப் போகிற கறுப்பு ரப்பர் குழாய், சும்மா ஓடும்போது உருண்டையாகத்தான் இருந்தது. சித்தப்பா மிதித்ததும், இளநீரின் அடியை உறிஞ்சும்போது ஸ்ட்ரா ஒட்டிக்கொள்ளுமே, அதுபோலச் சப்பையாக ஒட்டிக்கொண்டது. காலை விட்டதும் மறுபடி உருண்டை. முந்தின நாள் சேட்டன் ஓட்டியது காலி வண்டி, என்ஜின் அவ்வளவாகச் சூடாகவில்லை, ரப்பர் விறைப்பாக இருந்தது. பாரத்தோடு மேடேறிச் சூடானால்தான் அது தன் குணத்தைக் காட்டும்.

அத்தை நிமிர்ந்து டீக்கடைப் பக்கம் பார்த்தார். அங்கே வாய்க்கால் ஓரத்துத் தோட்டக்காரர் ஒருவர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். வாய்க்காலில் மோட்டார் வைத்துத் தண்ணீர் எடுப்பது குற்றம். அதனால் அவருடைய மோட்டார் புதருக்குள் இருந்தது. அது அங்கே இருப்பது அதிகாரிகளைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

“ஏனுங்க மாமா, உங்க மோட்டாருக்கு உறிஞ்சற பக்கம் என்ன ஓஸுங்க போட்டிருக்கறீங்க?”

“எந்த மோட்டாருங்க?”

“பொதருக்குள்ள இருக்கற மோட்டாருங்க.”

“ஓ, அதுங்களா” என்றார் அவர். “கம்பிச்சுருள் ஓஸுங்க. சாதா ஓஸு போட்டா உறிஞ்சறப்பச் சப்பிக்குமுங்களே.” சொன்னவர், சொன்னதைத் தானே கேட்டவர்போல எழுந்து வந்து பானெட்டுக்குள் பார்த்தார். புதரை நோக்கி நடந்து, ஓஸோடு திரும்பினார்.

ஒன்றரைச் சாண் நீளம் வெட்டினார்கள். டீக்கடைக் கத்தி, பழைய குழாயின் கிளாம்ப், காற்றுக் கசியாமல் சுற்ற யாரோ கொடுத்த சைக்கிள் டியூப். அத்தை தானே மாட்டி, தானே முறுக்கினார். வண்டியைப் பின்னால் விட்டுச் சமதளத்துக்குக் கொண்டுவந்தார். “புடிச்சுக்க அம்மிணி” என்றார்.

அன்றைக்கு ஏறியதே ஒரு ஏற்றம். சித்தப்பா திருகிவைத்த டீசல் இத்தனை நாளும் காற்றில்லாமல் வீணாகப் புகைந்துகொண்டிருந்தது. இப்போது அதற்குச் சேர்மானம் கிடைத்துவிட்டது. பாதி மேட்டில் வண்டி திணறவில்லை. முக்கால் மேட்டில் என்ஜின் தொண்டைக்கட்டு விலகி உறுமியது. பின்னால் இருபத்திரண்டு கேனும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு மேளம் அடித்தன. பாலத்தின் உச்சியில் அத்தை நிறுத்தவே இல்லை, ஹாரனை அழுத்திப் பிடித்தபடி அந்தப் பக்கம் இறங்கினார். கீழே பெஞ்சிலிருந்தவர்கள் எழுந்து நின்று துண்டைச் சுற்றியதை நான் ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தேன். சங்கத்தில் செயலாளர் ஒவ்வொரு மூடியாகத் திறந்து மோந்து பார்த்தார். கடைசி மூடியை மூடிவிட்டு, “அப்ப நாளைக்கும் இருவத்திரண்டுதானுங்களே” என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது அதற்குப் பிறகுதான். டீக்கடையில் ஆளாளுக்கு அந்த வெற்றியைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஸ்க்ரூ திருகினது நான் என்றார் சித்தப்பா. ஓஸு என்னுது என்றார் தோட்டக்காரர், மோட்டாரே இல்லாதவர். கல்யாணம் முடிந்து வந்த சேட்டன், காற்றென்று அன்றே சொன்னேனே என்றார். கத்தி கொடுத்ததற்காகக் கடைக்காரரும், டியூப் கொடுத்ததற்காக இன்னும் மூன்று பேரும். அத்தனை பேரிடமும் அத்தை, “நீங்க இல்லீன்னா ஆகுமுங்களா” என்று ஒரே மாதிரி சொன்னார்.

சில மாதம் கழித்து அந்தப் புது வண்டிக்காரர் செயலாளரிடம் நயமாகப் பேசி, அவரையும் கூட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாக வந்தார். யாரும் அவருக்கு ஒரு கேன்கூடத் தரவில்லை. “நம்ம வண்டி இருக்குதுங்களே” என்றார்கள், எல்லோரும்.

நம்ம வண்டியாமே. எனக்குப் பொறுக்கவில்லை. டீக்கடையில் அந்தக் கதை எடுக்கப்படும்போதெல்லாம், “எங்க அத்தைதான் கண்டுபுடிச்சாங்க, நான் பாத்தேன்” என்று எழுந்து நின்று கத்துவேன். அப்போதெல்லாம் அத்தை யாருக்கும் தெரியாமல் என் தொடையில் நறுக்கென்று கிள்ளுவார். பாவம், அத்தைக்குக் கூச்சம் என்று அந்த வயதில் நினைத்து, தொடையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.