பின்னால் வைத்த இடக்கை

வெர்னெல்லா ஓடம் டிஸ்டேல் (1947–2021). ஆர்கன்சா மாநிலத்துப் பருத்திக்காட்டில் பிறந்தவர். வடக்கே எங்கள் நகரத்து மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் முப்பத்தோராண்டு உழைத்தவர். கெட்டில் தெரு பாப்டிஸ்ட் சபையின் வாசல் ஊழியர் குழுவுக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் தலைவி.

எங்கள் கறுப்பினச் சபைகளில் வாசல் ஊழியம் விளையாட்டன்று. வெள்ளைச் சீருடை, வெள்ளைக் கையுறை. பணியின்போது பேச்சுக் கிடையாது. வலக்கை வந்தவருக்கு இடம் காட்டும். இடக்கை முதுகுக்குப் பின்னால் மடங்கியிருக்கும். ஜெபத்தின்போது கதவு திறக்கப்படாது. வெளியே மாநில ஆளுநரே நின்றாலும் ‘ஆமென்’ வரும்வரை அவர் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த ஒழுங்குக்கு எளிதில் படியாதவர் வெர்னெல்லாவின் கணவர் ரோஸ்கோ. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியின் நச்சரிப்புத் தாளாமல் அறுபத்தெட்டாம் வயதில் குழுவில் சேர்ந்தார். வியாழக்கிழமைப் பயிற்சிகளில் இது வழக்கமாயிற்று:

“ரோஸ்கோ, கை!”

“இருக்கு வெர்னி. ரெண்டும் இருக்கு. காலையிலயே எண்ணிப் பாத்துட்டேன்.”

“பின்னால!”

“அவன் கை பின்னால போச்சுன்னா சமையக்கட்டுல ஒரு கேக்கு காணாமப் போச்சுன்னு அர்த்தம், சிஸ்டர்” என்பார் சபைப் பொறுப்பாளரான டீக்கன் கிளியோஃபஸ்.

“நீங்க மொதல்ல வாயைப் பின்னால வைங்க, டீக்கன்.”

ஓராண்டில் கை பழகிவிட்டது. பிறகு கடையிலோ வங்கியிலோ எவரேனும் விறைப்பாக அழைத்தாலும் அது தானாகப் பின்னால் போயிற்று. வெர்னெல்லா அதை எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார்.

2017 மே 21, ஞாயிறு. ரோஸ்கோவுக்கு வாகன நிறுத்தத்தில் பணி. உள்ளே ஜெபம் நடந்துகொண்டிருந்தது. திருடுபோன சாம்பல் நிறக் காரைத் தேடி வந்த காவலர் இருவர், தன் சொந்தச் சாம்பல் நிறக் காரின் அருகே நின்ற ரோஸ்கோவை அதட்டி அழைத்தனர். அவர் நிமிர்ந்து நின்றார். இடக்கை பின்னால் சென்றது.

இரண்டு வெடிச்சத்தங்கள் உள்ளே எங்கள் காதில் விழுந்தன. ஏதோ கார் எஞ்சின் வெடித்ததாக எண்ணினோம். போதகர் ஜெபத்தை நிறுத்தவில்லை. வெர்னெல்லாவின் கை கதவுப் பிடியில் இருந்தது. ‘ஆமென்’ வந்த பின்னரே திறந்தார்.

ரோஸ்கோவின் அடக்கத்தில் வெர்னெல்லா அழவில்லை. பொரித்த கோழியும் மக்ரோனியுமாக அண்டை வீட்டார் கொண்டுவந்த பாத்திரங்களை ஒரே வாரத்தில் கழுவி, அடியில் ஒட்டியிருந்த பெயர்களைப் பார்த்து, உரியவரிடம் சேர்த்தார். அடுத்த ஞாயிறு வழக்கம்போல வாசலில் நின்றார். ஆனால் இரு கைகளையும் முன்னால் கோத்திருந்தார். எவரும் அவருக்கு “கை!” என்று நினைவூட்டவில்லை.

ஜூலையில் காவல் துறையின் அறிக்கை வந்தது. சுட்டவர்மீது வழக்கில்லை. “ஆயுதம் வைத்திருப்பவர் போல இடக்கையை வேண்டுமென்றே மறைத்தார்” என்று அதில் ஒரு வாக்கியம். அந்தக் கையில் வெள்ளைக் கையுறையைத் தவிர ஒன்றுமில்லை. வெர்னெல்லா கேட்டது ஒன்றுதான்: அந்த வாக்கியம் நீக்கப்பட வேண்டும்.

காவல் மேற்பார்வைக் குழு மாதத்தின் முதல் புதன்கிழமை நகர மன்றத்தில் கூடும். பொதுமக்கள் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசலாம். ஆகஸ்டில் அவர் சீருடையும் கையுறையும் அணிந்து, இடக்கையைப் பின்னால் வைத்துக்கொண்டு அங்கே சென்றார். வாயிலில் இருந்த இளம் காவலர் தடுத்தார்.

“அம்மா, ரெண்டு கையும் தெரியற மாதிரி வைங்க.”

“இதை என் வீட்டுக்காரர்கிட்டச் சொல்ல உங்க ஆளுங்களுக்கு நேரமில்லாமப் போச்சு, தம்பி” என்றார், மணி கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல.

மேடைக்கு முன் அவர் சொன்னதும் சுருக்கமே: “இது ஒளிக்கிற கை இல்ல. நான் கத்துக் குடுத்த கை. எழுதினதை எடுத்துடுங்க.” மீதி நேரம் முழுவதும் அதே நிலையில் நின்றார்.

மறுமாதம் நாங்கள் பதினான்கு பேர் உடன் சென்றோம். அடுத்த வசந்தத்தில் மற்றச் சபைகளின் ஊழியர்களும் சேர்ந்து அறுபதைத் தாண்டினோம். எல்லோரும் வெள்ளையுடையில், சுவரோரம், இடக்கை பின்னால்.

“இதென்ன ஆர்ப்பாட்டமா?” என்றார் மேற்பார்வைக் குழுத் தலைவர்.

“இல்லீங்கய்யா, இடம் காட்ட வந்திருக்கோம். நீங்க உக்காருங்க” என்றார் கிளியோஃபஸ்.

அறை சிரித்தது. வெர்னெல்லா சிரிக்கவில்லை. திரும்பும் வழியில் கிளியோஃபஸ் கேட்டார்: “உங்களுக்குக் கோவமே வரலையா, சிஸ்டர்?”

“வரும் வரும்னுதான் பாத்துட்டிருக்கேன். சாப்பாடுகூட வாயில இருக்குன்னு தெரியுது, என்னன்னு தெரியல.”

இருபத்தேழாவது கூட்டம், 2019 அக்டோபர் 2. நான்குக்கு மூன்று என்ற வாக்கில் அந்த வாக்கியம் நீக்கப்பட்டது. நாங்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கத்தினோம். வெர்னெல்லா ஒரு நகல் கேட்டு வாங்கினார்; நான்காக மடித்துப் பையில் வைத்தார். காரில் ஏறிய பிறகே பேசினார்.

“அவர் மேல இருந்தது போச்சு. அன்னைக்குத் தொறக்காத கதவு என் மேலதான் இருக்கு.”

“உங்களை யாரும் ஒண்ணும் சொல்லலையே, சிஸ்டர்!” என்றார் கிளியோஃபஸ்.

“அதான். சொல்லியிருந்தா அதை எடுக்கச் சொல்லி எங்கயாவது போய் நிக்கலாம்.”

அந்த ஞாயிறு முதல் சபை வாசலிலும் அவருடைய இடக்கை மீண்டும் பின்னால் சென்றது. முகம் மட்டும் மாறவில்லை.

2021 ஜனவரியில் உறக்கத்தில் காலமானார். அதற்குப் பத்து மாதம் முன்னரே, நோய்த்தொற்றினால் சபைக் கட்டடம் பூட்டப்பட்டுவிட்டது. பூட்டுவதற்கு முந்தைய கடைசி ஆராதனையில், ஜெபத்தின் நடுவே வெளியே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. வெர்னெல்லா கதவைத் திறந்தார். வாகன நிறுத்தத்தில் குப்பைத்தொட்டியின் மூடி ஒன்று உருண்டுகொண்டிருந்தது. குளிர்காற்று உள்ளே அடித்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் கோட்டை இழுத்துப் போர்த்தினார்களே ஒழிய, ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ‘ஆமென்’ வரும்வரை கதவை வலக்கையால் திறந்தே பிடித்திருந்தார். அது 2020 மார்ச் 8.