லிஃப்ட்காரருக்கு மூன்று மதிப்பெண்

வீட்டில் அவருக்குப் பாம்புச்செவி என்று பெயர். அடுத்த அறையில் கிசுகிசுத்தாலும் இந்த அறையிலிருந்து பதில் சொல்லிவிடுவார் என்பதால், அக்கா புருஷன் கிண்டலாக வைத்த பட்டம். இப்போது அந்தக் காதுதான் அவருக்குச் சோறு போடுகிறது. வெளிநாடு போக நினைப்பவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வில், பேச்சுப் பகுதிக்கு மதிப்பெண் போடுவது வேலை.

அலுவலகம் என்று எதுவும் இல்லை. வீட்டு உள்ளறையில் கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். மதிப்பிடும் நேரத்தில் அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்று நிறுவனம் எழுதி வாங்கியிருந்தது. கையெழுத்துப் போட்டபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. கணவர் இறந்துபோனதிலிருந்து ஈ காக்கைகூட அந்த வீட்டை எட்டிப் பார்ப்பதில்லை.

குரல்கள் பெயரில்லாமல் வரும். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். பேச்சு தடங்கலில்லாமல் ஓடுகிறதா, சொற்கள் கைவசம் இருக்கின்றனவா, சொல்ல வந்ததைக் கோவையாகச் சொல்கிறாரா என்று கவனித்து, ஐந்துக்குள் ஓர் எண் போட வேண்டும். எந்த ஊர்ச் சாயல் இருந்தாலும் குற்றமில்லை. முதன்முறை கேட்கிற அந்நியருக்குச் சிரமமில்லாமல் புரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா போனில் வருவார்.

"ஊரார் பேசுறதையெல்லாம் காதைத் தீட்டிக்கிட்டுக் கேக்குறே. நான் பேசினா மட்டும் 'ம்', 'ம்'ங்குறே. எனக்கு எத்தனை மார்க்குடி?"

"உனக்கு எவ்வளவு போட்டாலும் பத்தாதுக்கா. மூச்சு விடாமப் பேசுறியே."

"அங்க தனியாக் கிடந்து என்ன செய்யப்போறே? மாடி அறை சும்மாதான் கிடக்கு. பாம்புச்செவி எப்ப வராள்னு உங்க அத்தானும் கேக்குறாரு."

"வேலை இருக்கே."

அந்த ஒரு பதில்தான் அவரிடம் இருந்தது. வேலை போனால் மாடி அறையில் போய் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான்; தினமும் கறிகாய் நறுக்கிக் கொடுத்துக்கொண்டு, 'பாவம்' என்ற பார்வைகளுக்கு நடுவே.

இந்தத் தொழிலில் ஒரு சூட்சுமம் உண்டு. மதிப்பிடுகிறவரையும் மதிப்பிடுவார்கள். நிபுணர்கள் கூடி ஏற்கெனவே மதிப்பெண் முடிவுசெய்த சில பழைய குரல்களைப் புதியவற்றோடு கலந்து அனுப்புவார்கள். அவற்றுக்கு நாம் போடும் எண் அவர்கள் எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால், நம் காது தடம் மாறிவிட்டது என்று பொருள்.

அப்படிக் கலந்த குரல்களில் ஒன்று லிஃப்ட்காரருடையது. உங்கள் வேலையில் ஒரு நாள் எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்கிறார். லிஃப்ட் பழுதாகி நடுவழியில் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் பயத்தில் கதவைக் குத்துவார்களாம். இவர் வெளியிலிருந்து பேச்சுக் கொடுப்பாராம். மழை பெய்ததா, காலையில் சாப்பிட்டீர்களா என்று எதையாவது கேட்டுக்கொண்டே கதவைத் திறப்பாராம். குரல் திரும்பத் திரும்ப வந்ததில் பாம்புச்செவிக்கு அவர் பரிச்சயமாகிவிட்டார். கொஞ்ச காலமாக அந்த இடம் வந்ததும், "சாப்பிட்டாச்சு" என்று இவர் வாய் தன்னால் முணுமுணுத்தது.

ஒரு நாள் தலைமை மதிப்பீட்டாளர் அழைத்தார். வயதில் சின்னப் பெண்.

"அக்கா, லிஃப்ட் ரிப்பேர்காரர் ஒருத்தர் வருவாரே, அவருக்கு ஆரம்பத்துலேருந்து மூணுதானே போட்டீங்க? இப்ப வரிசையா நாலு போடுறீங்க."

"ஆமாம்மா. இப்ப அவரு நல்லாப் பேசுறாரு."

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, அது அதே பழைய ரெக்கார்டிங்."

பாம்புச்செவிக்குக் காது சுட்டது.

"தெரியும்மா. ஆனா முன்னாடி புரியாத இடமெல்லாம் இப்பப் புரியுது."

"அவரு மாறலை. நீங்க பழகிட்டீங்க. சொந்தக்காரங்க பேச்சு நமக்கு எப்படியும் புரிஞ்சிடும்ல? பரீட்சைக்கு வேண்டியது அந்நியரோட காது. நாளைக்கு உங்களுக்கு மறுதேர்வு வச்சிருக்காங்க. அதுல அவரும் வருவாரு. தவறிட்டா உங்களை எடுத்துடுவாங்க. என் கையில எதுவும் இல்லக்கா."

மறுதேர்வில் எண் மட்டும் போட்டால் போதாது. எங்கே தடுக்கியது, ஏன் குறைத்தோம் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும். மற்ற குரல்களைப் பாம்புச்செவி மளமளவென்று முடித்தார். லிஃப்ட்காரர் வந்ததும் பேனா நின்றது. குறை என்று ஒன்றும் காதில் விழவில்லை. அவர் விழுங்கிய இடங்களையெல்லாம் இவர் மனமே இட்டு நிரப்பிவிட்டது.

கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கேட்டார். தன்னை ஒரு கவுன்டர் குமாஸ்தாவாக நினைத்துக்கொண்டார். முன்னால் நீண்ட வரிசை, தலைக்குமேல் வேலை, எதிரே முன்பின் தெரியாத ஓர் ஆள். அப்போது கேட்டது. கதவு என்று சொல்ல வேண்டிய இடத்தில் தளம் என்கிறார். நடுவே சொல்லுக்காகத் தேடி வெகுநேரம் நிற்கிறார். கடைசிச் சொற்கள் தொண்டைக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. குமாஸ்தா "என்ன?" என்று திருப்பிக் கேட்டிருப்பார்.

எழுதினார். எல்லாம் உண்மைதான். ஆனாலும் ஒரு நல்ல மனுஷனைப் பற்றி அவர் முதுகுக்குப் பின்னால் புறம் பேசுவதுபோல இருந்தது. மூன்று என்று போட்டார்.

மறுநாள் அந்தப் பெண்ணே அழைத்துச் சொன்னாள்.

"தேறிட்டீங்கக்கா. நிபுணர்கள் சொன்ன காரணங்களை அப்படியே பிடிச்சிருக்கீங்க."

"நல்லதும்மா."

"இன்னொண்ணு. அந்தக் குரல் இனிமே உங்களுக்கு வராது. எடுத்துட்டோம்."

"ஏம்மா? அதான் சரியாப் போட்டுட்டேனே."

"அதனாலதான்க்கா. விடை தெரிஞ்ச கணக்காயிடுச்சு. இனிமே அவரை வச்சு உங்களைச் சோதிக்க முடியாது."

சரி என்று வைத்துவிட்டார். வேலை தங்கிவிட்டது, மாடி அறைக்குப் போக வேண்டியதில்லை. கதவைச் சாத்திவிட்டு ஹெட்போனை மாட்டினார். முதலில் வந்தது ஓர் இளம்பெண்ணின் குரல். தனக்குப் பிடித்த ஆசிரியரைப் பற்றி, செருமிச் செருமிப் பேசி, பாதி வாக்கியத்தில் வழி தவறி, மீண்டும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். பாம்புச்செவி இரண்டு போட்டார். மனம் மூன்று என்றுதான் சொன்னது. அதற்கு எழுதிக்காட்டக் காரணம்தான் கிடைக்கவில்லை.