பெரியப்பாவின் மதிலை ஏழு நாள் சுற்றினோம்

ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் பஸ் திரும்பியபோதுதான் அந்த எண்ணம் எனக்கு வந்தது. மடியில் வேதாகமம் இருந்தது. வேதத்தில் வரும் மலைகளையும் மதில்களையும் பற்றி வாலிபர் கூட்டத்தில் நான் பேசவேண்டும். சமபூமியாகிற மலை, பெயர்ந்து கடலில் விழுகிற மலை, ஏழு நாள் வாய் திறக்காமல் சுற்றி, கடைசியில் ஆரவாரமிட இடிந்த எரிகோ மதில் என்று கொப்பியில் குறித்துக்கொண்டு வந்தேன். எரிகோவில் பேனை நின்றுவிட்டது. ஏன் பேசவேண்டும்? செய்தே பார்க்கலாமே! எங்கள் வாசலிலேயே ஒரு மதில் நிற்கிறதே!

உடனே நண்பன் ரொஷானுக்குப் போன் எடுத்தேன். "ஏழு நாள் நடக்கிறம். நாளைக்குத் தொடங்குறம்." போதகரிடம் கேட்கவில்லை. அப்பாவிடமும் கேட்கவில்லை. எதையும் ஆறப்போட எனக்குத் தெரியாது.

மதிலின் கதையைச் சொல்லவேண்டும். உப்புவெளியில் ஒரே வளவுக்குள் இரண்டு வீடுகள். றோட்டுப் பக்கம் பெரியப்பா, கடற்கரைப் பக்கம் நாங்கள். அவருடைய முற்றத்து ஓரத்தால்தான் எங்களுக்கு வழி. நாங்கள் ஆண்டவரை ஏற்றுக்கொண்டபோது பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. போன வருஷம் அப்பாச்சி இறந்தார். தாய்க்குக் கடைசி மகன்தான் கொள்ளி வைப்பது வழக்கம். கடைசி மகன் என் அப்பா. அவர் பாடைக்குத் தோள் கொடுத்தார், கொள்ளியைக் கையில் வாங்கவில்லை. சுடலையில் அத்தனை சனத்துக்கு முன்னால் பெரியப்பா அவரைக் கன்னத்தில் அறைந்தார். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு மதில் கட்டக் கல் வந்து இறங்கியது.

"பெத்த தாய்க்குக் கொள்ளி வைக்காதவனுக்கு என்ர வாசலால வழி இல்லை."

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஆளுயர மதில். மேலே உடைந்த போத்தல் துண்டுகள் பதித்திருந்தார்கள். அதன்பிறகு மணலுக்கும் முட்புதருக்கும் இடையால் கடற்கரையைச் சுற்றி நடந்துதான் நாங்கள் றோட்டுக்கு வந்தோம். அந்த வழியால் சைக்கிள்கூட வராது.

மதிலுக்கு மேலால் கல் வரும். நாங்கள் திருப்பி எறிவோம். குசினி ஓடுகள் மூன்று தரம் உடைந்தன. பெரியப்பாவின் மகன் கஜன் அண்ணா ஆட்டோ ஓட்டுகிறவர். ஒருநாள் சந்தியில் என் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்து, முன்பல் உடைய அடித்தார். அன்று நான் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, அந்த மதில் அவர்களின் தலையிலேயே விழட்டும்" என்று ஜெபித்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், அதுதான் என் ஜெபம்.

வாலிபர் கூட்டத்தில் ஆறு பேர் நடந்தோம். ஒவ்வொரு நாளும் பின்னேரம் வளவை ஒரு தரம் சுற்றுவோம். வாய் திறப்பதில்லை. எங்கள் வீட்டையும் சேர்த்துத்தான் சுற்றுகிறோம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. முதல் நாளே பக்கத்து வளவுச் செல்வி அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பிமார், ஆறு பேருக்கும் ஒரேயடியாச் சீனி வருத்தமோ? டொக்டர் நடக்கச் சொன்னவரோ?"

சிரிப்பை அடக்க ரொஷான் தன் கையையே கடித்தான்.

மூன்றாம் நாள் பெரியம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். நான் கவலைப்படவில்லை. "பார், தொடங்கிவிட்டது" என்று ரொஷானிடம் சொன்னேன். ஐந்தாம் நாள் அவர்களின் கேற்றில் தேசிக்காயும் மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தது. அதையும் பார்த்துச் சிரித்தேன்.

ஏழாம் நாள் ஏழு தரம் சுற்றினோம். பிறகு எங்கள் முற்றத்தில் மதிலுக்கு முன்னால் நின்று, தொண்டை கிழியச் சத்தமிட்டோம். மதிலைக் கைகளால் அறைந்தோம்.

அந்தப் பக்கம் கஜன் அண்ணா கதிரையில் ஏறி மதிலுக்கு மேலால் எழும்பினார். கையில் பொல்லு. "எங்கட அம்மாவைக் கொல்லவாடா சுத்துறியள்?" ஒரே வீச்சு. ரொஷானின் தோளில் எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. நான் குனிந்தேன். கையில் அகப்பட்டது அரைக் கல். என் முழுப் பலத்தோடும் எறிந்தேன். அது அண்ணாவின் இடது கண்ணில் போய் விழுந்தது. கதிரையோடு பின்னால் சரிந்தார். பெரியம்மாவின் கத்தல் எனக்கு இன்னும் கேட்கிறது.

அப்பா வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தார். "அண்ணை, பிள்ளைக்கு என்ன?" என்று கேட்டபடி ஒரு சாக்கைப் போட்டு மதிலில் ஏறினார். பெரியப்பா அலவாங்கோடு ஓடிவந்து, இரண்டு கையாலும் ஓங்கி அடித்தார். அந்தக் கனத்த இரும்புக் கம்பி அப்பாவின் முழங்காலுக்குக் கீழே கல்லில் பட்டது. மேல்வரி பெயர்ந்தது. கல்லோடும் போத்தல் துண்டுகளோடும் அப்பா எங்கள் பக்கம் விழுந்தார். தொடை பிளந்து இரத்தம் பாய்ந்தது. சாரத்தைக் கிழித்துக் கட்டினோம். கட்டினது நனைந்தது. இன்னொன்று கட்டினோம். அதுவும் நனைந்தது.

கடற்கரை மணலால் தூக்கிக்கொண்டு போவதென்றால் அப்பா பாதி வழியிலேயே முடிந்துவிடுவார். கொப்பியில் இருந்த ஒரு வசனமும் எனக்கு ஞாபகம் வரவில்லை. "ஆண்டவரே, அப்பா, அப்பா" என்று மட்டும் கத்தினேன். மதில் விழவேண்டும் என்று கேட்கவில்லை. அவர் சாகக்கூடாது என்றுதான் கேட்டேன்.

அப்போது மதிலில் இரும்பு இடிக்கிற சத்தம் கேட்டது. தொம். தொம். பெரியப்பா எங்களைக் கொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து இன்னொரு கல்லைத் தூக்கினேன். நடுவில் ஓட்டை விழுந்தது. கற்கள் சரிந்தன. தூசிக்குள்ளிருந்து பெரியப்பாவின் முகம் வந்தது. கண்ணீரும் சீமெந்தும் குழைந்த முகம்.

"கல்லைப் போட்டுட்டு காலைத் தூக்கடா!"

போட்டேன். தூக்கினேன். அவர் தன் தம்பியின் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வழி இல்லை என்று சொன்ன அதே முற்றத்தால் நடந்தார். றோட்டில் ஆட்டோ உறுமிக்கொண்டு நின்றது. முன்சீற்றில் கஜன் அண்ணா இருந்தார். பாதி முகத்தை மூடித் துவாய் கட்டியிருந்தார், துவாய் முழுக்க இரத்தம்.

"ஏத்துங்கோ. கெதியா."

ஒற்றைக் கண்ணால் ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசல்வரை ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை.

அப்பா பிழைத்தார். கொஞ்சம் பிந்தியிருந்தாலும் காப்பாற்ற ஏலாமல் போயிருக்கும் என்று டொக்டர் சொன்னார். பின்னால் வந்து சேர்ந்த ரொஷானின் தோளுக்கும் கட்டுப் போட்டார்கள். வெளியே நிலத்தில் இருந்த பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். "கொள்ளி வைக்கேல்லை எண்டு கோவிச்சன். கடைசியில நானே அவனுக்குக் கொள்ளி வைக்கப் பாத்தனே."

பெரியம்மா கட்டுப்போட்ட கையோடு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏழு நாளா நான் கண் மூடேல்லை, தம்பி. எங்களுக்குச் சூனியம் செய்யிற அளவுக்கு நாங்கள் உனக்கு என்ன செய்தனாங்கள்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாய் திறக்காமல் ஒரு வீட்டை ஏழு நாள் சுற்றினால் அந்த வீட்டுக்காரர் வேறு என்ன நினைப்பார்கள்? நான் விசுவாசம் என்று நடந்தேன். அவர்கள் பயத்தில் தேசிக்காய் கட்டினார்கள். "இல்லை பெரியம்மா, அது ஜெபம்" என்று சொல்ல வாய் எடுத்தேன். என் ஜெபம் என்னவென்று எனக்குத் தெரியும். சொல்லாமல் அழுதேன்.

என் உடன்விசுவாசிகளே, அந்தக் கொப்பியில் குறிக்காமல் நான் தாண்டிப்போன ஒரு இடம் உண்டு. வேதத்தில் ஒருவன் மலைகளை அண்ணாந்து பார்த்துத்தான் தனக்கு ஒத்தாசை எங்கிருந்து வரும் என்று கேட்கிறான். மலையென்றால் தடை, பெயர்க்கப்படவேண்டியது என்று மட்டும்தான் நான் படித்து வைத்திருந்தேன். நான் சபித்த பக்கத்திலிருந்தே ஆண்டவர் எனக்கு உதவியை அனுப்பினார். மதிலை இடித்தது எங்கள் சத்தம் இல்லை. கட்டிய கையே இடித்தது. அந்தக் கையை அசைத்தவர் அவர். அவரை நம்புங்கள். ஆனால் ஒரு வீட்டைச் சுற்றுவதற்கு முன்னால் அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

ஓட்டை அப்படியே இருக்கிறது. அதற்குக் கேற் போடவேண்டும் என்று பெரியப்பா அளவெடுத்திருக்கிறார். வருகிற மாதம் அப்பாச்சியின் ஆண்டுத் திவசம். கிரியை செய்யமாட்டேன், ஆனால் வந்து மரக்கறி வெட்டுவேன், பந்தியில் பரிமாறுவேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். "வந்து இரு, அதுவே காணும்" என்றார் பெரியப்பா.

கஜன் அண்ணாவின் இடது கண்ணுக்கு இன்னும் மங்கல்தான். ஆட்டோ முற்றத்தில் நிற்கிறது. அவர் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகிற பிள்ளைகள் பஸ்ஸில் தொங்குகிறார்கள். எனக்குப் போன கிழமை ஆட்டோ லைசன்ஸ் கிடைத்தது. கண் சுகமாகும்வரை அந்தப் பிள்ளைகளை நான் ஏற்றி இறக்குகிறேன் என்று கேட்கப் போனேன். முதல் தரம் கதவைச் சாத்தினார். இரண்டாம் தரம், "போடா, போய் உன்ர ஊர்வலத்தை நடத்து" என்றார்.

நாளைக் காலை ஆறு மணிக்கு மூன்றாம் தரம் போகிறேன். ஏழு தரம் போகவேண்டும் என்றாலும் போவேன். இந்த முறை சுற்றி அல்ல, நேரே வாசலுக்கு.