வடகரையில் இருக்கும் தென்கரை ஊர்கள்

முதலியார்பேட்டையில் நான் வேலை செய்யும் ஜெராக்ஸ் கடையில் தாளுக்குப் பஞ்சமில்லை. மை படிந்து வீணாகும் தாள்களின் பின்பக்கத்தில்தான் என் ஏரியைப் பல வருஷமாக வரைந்தும் எழுதியும் வந்தேன். எந்த நாட்டிலும் இல்லாத ஏரி அது.

அதற்குப் பெயர் கிடையாது. கரையில் இருப்பவர்கள் ‘பெரிசு’ என்பார்கள். வடகரை செம்மண் மேடு. தென்கரை முழுக்கக் கோரை. காலையில் ஒரு கரையை விட்ட படகு மறுகரை சேரும்போது அங்கே விளக்கு வைத்திருப்பார்கள். வடகரையில் நடுநடுவே தென்கரை ராஜாவுக்குச் சொந்தமான ஊர்கள் இருக்கும். அந்த ஊர்க்காரர்கள் ஒரு வழக்கு என்றாலும் ஏரியைக் கடந்துதான் போக வேண்டும்.

தண்ணீரில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கேட்ட பெயரை ஏரி வைத்துக்கொள்ளும். பெயரைப் பறிகொடுத்தவர் பத்திரமாக வீடு திரும்புவார். ஆனால் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று வீட்டில் யாருக்கும் ஞாபகம் வராது. அதனால் படகில் ‘ஏ துடுப்பு’, ‘ஏ வலை’ என்றுதான் பேச்சு.

நாலு பேர் நடுவில் பேசக் கூசுகிறவன் நான். ஏரியைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. முதலாளி தானாகப் பார்த்துவிட்டார். அதிலிருந்து தினமும் காலையில், “என்னா ஏரிக்காரரே, மீன் பட்டுச்சா?” என்பார்.

அவர்தான் ஒரு வாடிக்கையாளரிடம் தாள்களைக் காட்டினார். லாஸ்பேட்டையிலிருந்து வரும் ரிட்டயர்டு வாத்தியார். சிறுவர் பத்திரிகை நடத்துகிறார். நின்றபடியே முழுவதும் படித்தார். நான் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“நல்லா இருக்குங்க. நடுப்பக்கத்துல படத்தோட போட்டுடலாம்.”

காது சூடாகிவிட்டது. அச்சில் பார்க்க எனக்கும் ஆசைதான்.

“ரெண்டே திருத்தம். வடகரை பூரா வடக்கு ராஜாவுக்கு, தென்கரை பூரா தெக்கு ராஜாவுக்குன்னு மாத்திடுங்க. நடுவுல இருக்கிற ஊருங்கள எடுத்துடுங்க, பசங்க குழம்பிடும். அப்புறம், நல்லவங்களுக்கு ஏரி பேரத் திருப்பிக் குடுத்துடணும்.”

“பாகூரும் நம்ம ஸ்டேட்டுதான், ஆனா பஸ்ல போனா நடுவுல தமிழ்நாடு வந்துட்டுப் போகுதே சார்,” என்றேன், பாதிக் குரலில்.

“அது நெசம்ங்க. நெசம் எப்படி வேணா இருக்கும். கதை புரியணும்ல?”

  அந்த ஊர்களில் எந்த வீட்டுக்குக் கதவு ஏரியைப் பார்த்து இருக்கிறது என்பதுவரை எனக்குத் தெரியும். ஏரி யாருக்கும் எதையும் திருப்பிக் கொடுத்ததில்லை என்பதும் தெரியும்.

“வேணாம் சார்.”

“எது வேணாம்?”

“திருத்தம்.”

“அப்ப போட முடியாதுங்களே.”

“போட வேணாம் சார்.”

கையை நீட்டித் தாள்களை வாங்கிக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. தன் வேலையை முடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் போய்விட்டார்.

“வீடு தேடி வந்தத வெரட்டிட்டியேப்பா,” என்றார் முதலாளி. “நாலு ஊர அழிச்சா குடியா முழுகிடும்?”

“முழுகிடும்ணா.”

கூட்டம் குறைந்ததும் ஏரிப் படத்தை எடுத்தேன். வடகரையின் செம்மண் மேட்டு உச்சியில், தென்கரைக்குச் சொந்தமான இன்னொரு ஊரை வரைந்தேன். பிறகு படத்தை உறைக்குள் வைத்து லேமினேஷன் மெஷினில் விட்டேன். சூடாக வெளியே வந்ததும் கடைச் சுவரில், வாடிக்கையாளர்கள் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒட்டினேன். இனி அதில் யாரும் எதையும் அழிக்க முடியாது. நான் மனசு மாறினாலும் முடியாது.