அசையாமல் நின்ற மேகம்

அந்தக் கோடையில் குரங்கணிக்கு மேலே மலையில் இருக்கிற எங்கள் ஏலக்காய்த் தோட்டம் கண்ணெதிரே காய்ந்துகொண்டிருந்தது. கோடை மழை பொய்த்து, ஓடை வற்றி, கீழேயிருந்து தண்ணீர் லோடு ஏற்றி வந்த ஜீப்பும் நின்றுவிட்டது. தார்ப்பாய் விரித்த குட்டையில் முழங்கால் அளவுதான் மிச்சம். புதிதாக நட்ட செடிகளையாவது காப்பாற்றிவிடலாம் என்று நானும் வீட்டுக்காரரும் சிரட்டையில் அளந்து ஊற்றி வந்தோம். எங்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

ஒருநாள் காலையில் மலை முகட்டுக்கு வெகு உயரத்தில் ஒரு மேகம் நின்றது. தோசைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல வழவழவென்று இருந்தது. ஓரமெல்லாம் புறாக்கழுத்து நிறம். மரத்தை முறிக்கிற காற்று அடித்தும் அது நகரவில்லை. இத்தனை வயசில் நான் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. ஆண்டவன் எங்களுக்காகத்தான் நிறுத்தி வைத்திருக்கிறான் என்று மேல் சிலிர்த்தது.

மழை கேட்டுப் பிள்ளையாரை முழுக்காட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். சுற்றிலும் மண்ணால் அணைகட்டி, அவர் தலை மறையும்வரை ஊற்ற வேண்டும். மழை விழும்வரை அந்தத் தண்ணீரைத் தொடக்கூடாது. தோட்டத்துப் பிள்ளையார் சின்னவர்தான். ஆனாலும் குட்டையில் இருப்பது மொத்தமும் வேண்டியிருக்கும்.

வீட்டுக்காரர் தயங்கினார். "மழை வரலைன்னா செடிக்கு என்னத்த ஊத்துவ?"

"இம்புட்டுப் பெரிய மேகத்தப் பாத்துமா கேக்குறீக?" என்றேன்.

அவரும் குடத்தைத் தூக்கினார். பிள்ளையார் முழுகியதும் ஒரு சூடம் கொளுத்திவிட்டு, மேகத்தை செல்போனில் படமெடுத்து, கல்லூரியில் படிக்கிற மகளுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். இது அபூர்வமாக வருவதாம். காற்று மலையில் மோதி மேலே ஏறும்போது அந்த இடத்திலேயே உண்டாகி, அந்த இடத்திலேயே கரைந்துவிடுமாம். கடைசியில் குரலை இறக்கி, "மழை தராதாம்மா" என்றாள்.

மதியத்துக்குள் அது எங்கேயும் போகாமல், நின்ற இடத்திலேயே இல்லாமல் போனது. வானம் பழையபடி வெளிறிக் கிடந்தது. வீட்டுக்காரர் பிள்ளையார் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு அணைகட்டி நிறுத்திய அந்தத் தண்ணீருக்குள் குடத்தை அமுக்கினார்.

"அப்பனே, பச்சப்புள்ளைக வாயிலதான் ஊத்துறோம், கோவிக்காத" என்று புதுச்செடிகளைக் காட்டிச் சொல்லிக்கொண்டே நானும் மொண்டேன்.

மொள்ள மொள்ளப் பிள்ளையாரின் காது தெரிந்தது, தும்பிக்கை தெரிந்தது, தொந்தி தெரிந்தது. பாதித் தண்ணீரை மண் ஏற்கெனவே குடித்திருந்தது. முதல் வரிசைச் செடிகள் முடியுமுன்பே குடத்தில் கலங்கல் வந்தது. அடியில் கிடந்த சேற்றையும் இரண்டு கையாலும் வழித்துக் கொண்டுபோய் வேர்களில் அப்பினோம்.