நனைந்த விடைத்தாள்களும் ஜெபமணி டீச்சரும்

சென்ற வாரம் தாம்பரம் ஸ்டேஷனில் பீச் வண்டிக்காக நின்றிருந்தேன். ஜெபமணி டீச்சரோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்த தையல் டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார். "நம்ம ஜெபமணி போயிட்டாங்க சரோஜா. காலையில, ஆஸ்பத்திரியில" என்றார். வண்டி வந்தது, போனது. அன்று நான் ஆபீசுக்குப் போகவில்லை.

பள்ளி மலரில் இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரிடம் பூகோளம் படித்தவர்கள். கரும்பலகையில் ஒரே இழுப்பில் இந்தியாவை வரைந்துவிடும் அந்தக் கையைப் பார்த்திருப்பீர்கள். நான் அவரிடம் படித்ததில்லை. எல்லோரும் டீச்சர் என்றார்கள், நானும் அப்படியே அழைத்தேன். எட்டு வருடம் அவர் கீழ்ப் போர்ஷனில், நாங்கள் மாடியில். எங்கள் சமையலறைத் தண்ணீர் அவர் வீட்டில் சொட்டியதில் தொடங்கிய சிநேகிதம் எங்களுடையது.

அறுபதுகளின் கடைசி அது. நானும் என் கணவரும் சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். குரோம்பேட்டையிலும் செம்பாக்கத்திலும் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். மேற்குத் தாம்பரத்தில் ஒருவர் மட்டும் மாடியைக் கொடுத்தார். கீழே இருக்கும் டீச்சரிடமிருந்து ஒரு புகார் வந்தாலும் காலி செய்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் சாவியைத் தந்தார். நாங்கள் மாடியில் மெதுவாக நடந்தோம். மாவாட்டும்போது குழவியின் சத்தம் கீழே கேட்காமல் இருக்க உரலுக்கடியில் சாக்கை மடித்துப் போட்டேன்.

இரண்டாம் மாதம் சிங்க்கின் அடியில் கசியத் தொடங்கியது. தண்ணீர் வெளியேறும் பித்தளைக் குழலைச் சுற்றிக் கசியாமல் அடைக்க அப்பியிருந்த மக்கு, அந்தப் பழைய பசை, காய்ந்து உதிர்ந்துபோயிருந்தது. என் கணவர் துணியைச் சுற்றிப் பார்த்தார், மெழுகை உருக்கி அடைத்துப் பார்த்தார். நிற்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லப் பயம். டீச்சரிடம் சொன்னால் அதுவே புகாராகிவிடுமோ என்று அதைவிடப் பயம். அடியில் ஒரு வாளியை வைத்து, காலையும் மாலையும் யாருக்கும் தெரியாமல் கொட்டிக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் இப்படியே ஓடியது.

ஒரு திங்கட்கிழமை அவசரத்தில் வாளியைக் கொட்டாமல் ஆபீஸ் போய்விட்டேன். என் கணவருக்கு அன்று மதிய ஷிப்ட். சாப்பிட்ட பாத்திரங்களைக் கழுவிவைத்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார். வாளி நிரம்பி வழிந்து, குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடைவெளியில் தண்ணீர் கீழே போயிருக்கிறது. அந்தக் குழாயை ஒட்டி டீச்சரின் அலமாரி. அதில் ஒன்பதாம் வகுப்பின் அரைப் பரீட்சை விடைத்தாள்கள்.

மாலையில் திரும்பியபோது கீழ் வீடு முழுக்க, நாற்காலி மேலும் கட்டில் மேலும் தரையிலும், விடைத்தாள்கள் காய்ந்துகொண்டிருந்தன. மை எல்லாம் கரைந்திருந்தது. ஒரு பெண் வரைந்த படத்தில் காவிரி கரையை உடைத்துக்கொண்டு தென்னிந்தியா முழுக்க ஓடியது. எனக்குக் கால் நடுங்கியது. வாசலில் நின்றபடியே வாளியையும் மூன்று வாரத்தையும் சொல்லி முடித்தேன். டீச்சர் ஒரு நாற்காலியில் இருந்த தாள்களை எடுத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"நீ அன்னைக்கே சொல்லியிருந்தா பேப்பரை வேற எடத்துல வெச்சிருப்பேன். அவ்வளவுதாம்மா."

அவர் கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மறுநாள் தலைமையாசிரியையிடம், தாள்கள் தன் பொறுப்பில் இருந்தபோது நனைந்துவிட்டன என்று எழுதிக் கொடுத்தார். மாடிவீடு என்ற பேச்சே அதில் இல்லை. கண்டித்து மெமோ வந்தது. வாங்கிக்கொண்டார். நாற்பது பெண்களையும் பரீட்சை விடுமுறையில் வரவழைத்து, ஒருவர் ஒருவராகப் பக்கத்தில் உட்காரவைத்து, கலைந்துபோன விடைகளை வாயால் சொல்லக் கேட்டு மதிப்பெண் போட்டார். அந்த நாற்பது பேரில் யாராவது இதைப் படிக்கக்கூடும். அன்று உங்கள் விடுமுறை நாட்கள் சில போனதற்குக் காரணம் நான்தான்.

சனிக்கிழமை டீச்சரும் நானும் கடைத்தெருவுக்குப் போய் ரப்பர் வாஷர், மக்கு, சணல் நூல், கொஞ்சம் வெள்ளைப் பெயிண்ட் வாங்கினோம். "இன்னா டீச்சர், நீங்களேவா மாட்டப் போறீங்க? ஆளு அனுப்பவா?" என்றார் கடைக்காரர். பள்ளி லேபில் பழுது பார்த்தவரைப் பக்கத்திலேயே நின்று பார்த்திருப்பதாக டீச்சர் சொன்னார்.

அது இரண்டு பேர் செய்யவேண்டிய வேலை. மேலே குழல் சுற்றாமல் ஒருவர் இறுக்கிப் பிடிக்க வேண்டும், கீழே ஒருவர் நட்டைத் திருக வேண்டும். டீச்சர் முந்தானையைச் செருகிக்கொண்டு சிங்க்குக்கு அடியில் படுத்தார். பழைய மக்கைக் கத்தியால் சுரண்டி, துடைத்துக் காயவிட்டோம். புது மக்கை உருட்டித் துவாரத்தைச் சுற்றி அப்பி, மரையில் பெயிண்ட் தடவிய சணலைச் சுற்றி, வாஷரைப் போட்டு முடுக்கினார். தண்ணீர் விட்டு, அடியில் மை ஒற்றும் காகிதத்தைப் பிடித்துப் பார்த்தார். ஓரம் நனைந்தது. "மறுபடியும்" என்றார். எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து செய்தோம். இரண்டாம் தடவை காகிதம் காய்ந்தே இருந்தது. மக்கு இறுகும்வரை சிங்க்கைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டதால் மறுநாளும் அவர் சமையலறையில்தான் எங்கள் சமையல்.

மாதக் கடைசியில் வீட்டுக்காரர் வந்தார். டீச்சர் வீட்டுக் கூரையில் கறை. "மேல இருக்கிறவங்களால தொந்தரவா டீச்சர்?" என்று கேட்டார். நான் படியில் நின்றுகொண்டிருந்தேன். டீச்சர் ஆமாம் என்றால் நாங்கள் மறுபடியும் தெருவில்.

"கசிஞ்சுது சார். மக்கு பழசு. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து சரி பண்ணிட்டோம். நீங்க தளத்துல இருக்கிற அந்த ஓட்டையை மட்டும் பூசிக் கொடுத்துடுங்க."

பொய் ஒன்றும் சொல்லவில்லை. கசிந்ததை மறைக்கவும் இல்லை. அடுத்த வாரமே கொத்தனார் வந்தார்.

அந்த மாடியில்தான் என் இரண்டு பிள்ளைகளும் தவழ்ந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அம்மாவுக்கு நான் எழுதிய முதல் கடிதமும் அங்கிருந்துதான் போனது. டீச்சர் எழுதச் சொல்லவில்லை. நானாக எழுதினேன். பதில் வர ஆறு மாதம் ஆயிற்று. வந்தது.

டீச்சரின் நினைவாக என் வீட்டில் ஒரு போட்டோ கூட இல்லை. ஆபீசிலோ வீட்டிலோ என்னால் ஒரு தவறு நேர்ந்தால் அன்றைக்கே உரியவரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடம் கழித்தும் கால் நடுங்கத்தான் செய்கிறது. நடுங்கிக்கொண்டே போய்ச் சொல்லிவிடுகிறேன்.